கறிப்பானையில் பால் கரண்டி

— அந்த டிராயரைத் தொடாதீங்க டோரிட்! அது பால் பக்கம்.

— தொடலைங்க, பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான். உள்ள குண்டா வெச்சிருக்கீங்க? கரண்டிதானே?

— கரண்டிதான். ஆனா பால் கரண்டி. எங்க மத விதிப்படி பாலும் கறியும் ஒண்ணோட ஒண்ணு படவே கூடாது. கறிக் கரண்டியெல்லாம் அடுப்புக்கு வலது பக்கம், சிவப்புப் பிடி போட்டது. நீலப் பிடியைப் பார்த்தா கையை எடுத்துடுங்க. வந்ததுலேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கேன்.

— வந்ததுலேர்ந்து நானும் தலையாட்டிக்கிட்டே இருக்கேன். பேரன் எடுத்த வயசுல எனக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லித் தர்றீங்க. சரி, உருளைக்கிழங்கு முடிஞ்சுது. அடுத்தது?

— பார்லி. கழுவுறதுக்கு முன்னாடி ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க, புழு இருக்கும். புழு உள்ள போனா பானையே போச்சு.

— நம்ம ஊர் ஹைஃபா மேல ராக்கெட் வந்து விழுது, நான் ஜன்னலோரம் நின்னு பார்லியில புழு தேடறேன். என் பையன் பார்த்தா விழுந்து விழுந்து சிரிப்பான்.

— சிரிக்கட்டும். இடோ இன்னிக்குப் பேசினானா?

— காலையில ஒரு நிமிஷம். சாயங்காலம் கிளம்பறாங்களாம். எங்கன்னு சொல்லல. சொல்லணுமா என்ன? எல்லையைத் தாண்டி லெபனானுக்குள்ளதான். ஃபோனையெல்லாம் வாங்கி வெச்சுக்கறாங்களாம். "அம்மா, போறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் சூடா ஏதாவது கொண்டு வா, ஆனா உன் அடுப்புல செஞ்சது வேண்டாம், மத விதிப்படி சமைச்ச கோஷர் இல்லைன்னு வாசல்லயே திருப்பிடுவாங்க"ன்னு நேத்தே சொல்லிட்டான். போன தடவை ஒரு அண்டா நூடுல்ஸை முகாம் வாசல் பூனைங்களுக்குக் கொட்டிட்டு வந்தேன்ல.

— அதனாலதான் என் வீட்டுல பண்ணுங்கன்னேன்.

— அதுதான் எனக்குப் புரியல ஹிண்டா. இத்தனை வருஷமா நீங்க மேல, நான் கீழ. உங்க வீட்டுக்காரர் என்னைப் படியில பார்த்தா சுவரைப் பார்த்துக்கிட்டுப் போவார். சனிக்கிழமை நான் காரை எடுத்தா, ஓய்வுநாள்ல வண்டி ஓட்டறேன்னு பால்கனியில நின்னு "சப்பத்! சப்பத்!"னு கத்துவார். நேத்து சைரன் அடிச்சப்போ கீழ பதுங்கு அறையில நான் ஃபோன்ல புலம்பினதைக் கேட்டீங்க, இன்னிக்கு விடிஞ்சதும் வந்து கதவைத் தட்டறீங்க. என் அடுப்பு இருக்கு, வாங்கங்கறீங்க. என்ன ஆச்சு உங்களுக்கு?

— அக்கம்பக்கம்னா உதவ வேண்டாமா?

— இத்தனை வருஷம் கழிச்சா ஞாபகம் வந்துது?

— பார்லியைப் பாருங்க டோரிட்.

— பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?

— அவர் வேதப் பாடசாலையில இருக்கார். மத்தியானத்துக்கு மேலதான் வருவார்.

— நான் கேட்டது அது இல்லையே.

— துக்க வீட்டுக்குச் சமைக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.

— பொய்யா? நீங்களா? முக்காட்டைக்கூடச் சரியா இழுத்து விட்டுக்கிட்டுப் பொய் சொல்றீங்களா?

— முழுப் பொய் இல்ல.

— அட போங்க. துக்க வீட்டுக்கு யாராவது சோலெண்ட் அனுப்புவாங்களா? கறி, பீன்ஸ், பார்லி, கிழங்கு. இது சனிக்கிழமைச் சாப்பாடு. இன்னிக்கு செவ்வாய். உங்க ஆளுங்க பார்த்தா என்ன சொல்லுவாங்க?

— பசங்க சனிக்கிழமை வரைக்கும் முகாம்ல இருக்கப் போறதில்லையே. அதான் இன்னிக்கே. உப்பு பார்க்கிறீங்களா?

— கொஞ்சம் கம்மி. போதும், போதும், கொட்டாதீங்க. நல்லாத்தான் இருக்கு. இது நல்லாயிருக்குன்னு சொல்லக்கூட எனக்கு அலுப்பா இருக்கு. என்னவோ எல்லாமே அலுத்துப்போச்சு.

— கொஞ்சம் உட்காருங்க.

— உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன். இது அவனுக்கு நாலாவது தடவை. ரிசர்வ் ஆளுங்கன்னா அடிக்கடி கூப்பிடத்தான் கூப்பிடுவாங்க, சரி. ஆனா எத்தனை தடவை? சைக்கிள் கடை வெச்சிருந்தான், ஷட்டர் இறக்கினது இறக்கினபடி கிடக்கு. குழந்தை அவனைப் பார்த்து யாரோன்னு அழுது. மருமக ஒண்ணும் பேச மாட்டேங்கறா, பேசாம இருக்கிறதுதான் எனக்கு பயமா இருக்கு. நான் சனிக்கிழமை ஆனா கொடியைத் தூக்கிக்கிட்டு ஊர்வலத்துக்குப் போறேன். போரை நிறுத்துங்க, பிணைக்கைதிகளைக் கூட்டிட்டு வாங்கன்னு கத்தறேன். செவ்வாய்க்கிழமை அதே போருக்குப் போறவங்களுக்குச் சமைக்கிறேன். என் தங்கச்சி என்னைத் துரோகின்னு சொல்லி ஃபோனை வெச்சுட்டா. ஊர்வலத்துக்கு வர்ற சிநேகிதி கேட்கறா, நீ ஏன் பையனைப் போக விட்டேன்னு. நான் விடறதா? அவனுக்கு மீசை முளைச்சதுலேர்ந்து என்னைக் கேட்டு எதுவும் பண்ணினதில்ல.

— கடவுள் புண்ணியத்துல நல்லபடியா திரும்பி வருவான்.

— அப்படிச் சொல்லாதீங்க ஹிண்டா, எனக்கு வர்ற கோபத்துக்கு... உங்களுக்கு என்ன, சொல்லலாம். இருங்க, சொல்லிடறேன், வயித்துலயே வெச்சுக்கிட்டு உங்க அடுப்புல சமைக்க முடியல. உங்க வீட்டுல ஏழு பிள்ளைங்க. அதுல நாலு பேர் வளர்ந்த ஆம்பளைப் பசங்க. ஒருத்தன் தோள்லயாவது துப்பாக்கி இருக்கா? நாலு பேரும் பட்டாளத்துக்குப் போகாம உட்கார்ந்து வேதம் படிக்கிறாங்க. என் பையன் நாலு தடவை போறான்னா உங்க பசங்களுக்கும் சேர்த்துத்தான் போறான்.

— ஆறு.

— என்ன ஆறு?

— எனக்கு ஆறு பிள்ளைங்கன்னுதான் அவர் எல்லார்கிட்டயும் சொல்றார்.

— ஏழுன்னுல்ல நினைச்சேன். சரி, தப்பா எண்ணியிருப்பேன், வீடு நிறைய—

— நீங்க தப்பா எண்ணல... ஐயோ, சைரன்! டோரிட், அடுப்பை அணைங்க!

— அணைச்சாச்சு! வாங்க. செருப்பைத் தேடாதீங்க, வெறுங்காலோட வாங்க!

— கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்க முடியும். நீங்க முன்னாடி போங்க.

— உங்களை விட்டுட்டா? இந்தாங்க, தோளைப் பிடிங்க. இன்னும் ஒரு மாடிதான். வந்தாச்சு. கதவை இழுங்க, இழுங்க. யாரோட தள்ளுவண்டி இது, எப்பவும் குறுக்கே?

— என் கடைக்குட்டியோடது. ஓரமாத் தள்ளி விடுங்க.

— வேற யாரும் வரலியா? உங்க சின்னதுங்க?

— ஜெருசலேம்ல என் பொண்ணு ஃபெய்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். மத்த வீட்டுக்காரங்க வேலைக்குப் போயிருப்பாங்க.

— அப்ப நாம ரெண்டு பேர்தான். உட்காருங்க. சத்தம் கேட்டுச்சா? அது வானத்துலயே அடிச்சது. இது கொஞ்சம் கிட்டக்க. அந்தத் தள்ளுவண்டியை ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க? இவ்வளவு பயமா உங்களுக்கு?

— இதுக்கெல்லாம் இல்ல. டோரிட், நான் ஏழு பெத்தேன். மூணாவதுதான் துலி. நஃப்தலின்னு பேரு, துலின்னு கூப்பிடுவோம்.

— அந்த ஒல்லிப் பையனா? ஒருநாள் என் காய்கறிப் பையை மாடி வரைக்கும் தூக்கிக் குடுத்தானே, முகத்தைப் பார்க்காமலே?

— அவன்தான்.

— எங்கயோ வெளியூர்ல தங்கிப் படிக்கிறான்னு நினைச்சேன்.

— பட்டாளத்துக்குப் போயிட்டான். போன குளிர்காலத்துல. அப்பா முன்னாடி வந்து நின்னான். "அப்பா, தினமும் செத்தவங்க பேரைக் கேட்டுட்டுப் புஸ்தகத்தைத் திறக்கறேன், எழுத்து கண்ணுல நிக்கல, நான் போறேன்"னான். இவர் எழுந்தார். கோட்டை நெஞ்சுப் பக்கம் கிழிச்சார். பிள்ளை செத்தா கிழிக்கிற மாதிரி. அப்புறம் தரையில உட்கார்ந்தார். ஏழு நாள் துக்கம்.

— இருங்க. போன குளிர்காலமா? கண்ணாடியெல்லாம் துணி போட்டு மூடியிருந்தது. நீங்க தாழ்வான ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தீங்க. நான்... நான் கேக் கொண்டுவந்தேனே!

— ஆமா. ஆரஞ்சு கேக்.

— உங்க சொந்தத்துல யாரோ வயசானவங்கன்னு நினைச்சேன். இனிமேல் இந்த வீட்டுல துக்கம் வராம இருக்கட்டும்னு சொன்னேன். உயிரோட இருக்கிற பிள்ளைக்கா நான் ஆறுதல் சொல்லிட்டு வந்தேன்?

— வந்தவங்க எல்லாரும் அவருக்குத்தான் ஆறுதல் சொன்னாங்க. எவ்வளவு உறுதியான மனசுன்னு புகழ்ந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தீங்க. விஷயம் தெரியாமத்தான். இருந்தாலும் பிடிச்சீங்க.

— கேக்கைத்தான் ஒருத்தரும் தொடல.

— உங்க அடுப்புல செஞ்சதாச்சே.

— அட போங்க! இந்த நேரத்துலயும் சிரிக்க வைக்கறீங்க. சரி, துலி இப்ப எங்க இருக்கான்? என் இடோ இருக்கிற அதே முகாமா?

— அதே முகாம். ஆம்புலன்ஸ் ஓட்டறான். ஃபெய்காகிட்ட மட்டும் எப்பவாவது பேசுவான். அப்பாவோட இருமல் எப்படி இருக்குன்னு கேட்பானாம். முகாம் சாப்பாட்டை அவன் தொடறதில்ல. அங்கயும் கோஷர்தான், ஆனா எங்க வீட்டுக் கண்டிப்பு வேற. ரொட்டி, வெள்ளரிக்காய், டப்பா மீன். அங்க போய்ச் சேர்ந்த நாள்லேர்ந்து அதுதான். கால்சட்டை இடுப்புல நிக்கலைன்னு கயித்தால கட்டியிருக்கானாம். இன்னிக்கு அவனும் உள்ள போறான். நான் சமைச்சதுன்னு தெரிஞ்சா சாப்பிடுவான் டோரிட். சோலெண்ட்னா அவனுக்கு உயிர்.

— அதுக்குத்தான் காலையில கதவைத் தட்டினீங்களா?

— அதுக்குத்தான். உங்களுக்கு உதவணும்னு வரல. மன்னிச்சுக்கங்க.

— என்னத்தை மன்னிக்கிறது? நான் வந்ததும் உங்க அடுப்புக்காகத்தான். நீங்களே ஒரு தடவை பேசியிருக்கலாமே அவன்கிட்ட?

— பேச மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன். சமைக்க மாட்டேன்னு குடுக்கல.

— மேல நான் என்னென்னவோ பேசிட்டேன். வாய் எனக்கு.

— நீங்க சொன்னதுல பொய் இல்லையே. மத்த மூணு பேரும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. அதையும் நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். அதுக்கும் நான்தான் அம்மா, இதுக்கும் நான்தான் அம்மா.

— எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி இந்நேரம் அடுப்பை விட்டுட்டு ஓடியிருப்பா.

— அதெல்லாம் யோசிக்க எனக்குத் தெம்பு இல்ல டோரிட். எனக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் சாப்பிட்டாப் போதும்.

— சாப்பிடுவான். நானே அவன் கையில தட்டைக் குடுக்கறேன். சத்தம் நின்னு நேரமாச்சு, கதவைத் திறக்கலாம். ஹிண்டா, ஏதோ அடிபிடிக்கிற வாசனை வரலை?

— அணைச்சேன்னீங்களே!

— அணைச்சேனே... எந்தத் திருகை அணைச்சேனோ! நீங்க மெதுவா வாங்க, நான் ஓடறேன்!

— பார்த்துப் போங்க! விழுந்துடாதீங்க!

— ...ஹிண்டா! பயப்படாதீங்க, வாங்க! ஒண்ணும் ஆகல. பக்கத்துத் திருகை அணைச்சிருக்கேன், இது தளதளன்னு கொதிச்சுக்கிட்டே இருந்திருக்கு. அடியில பிடிக்கிறதுக்குள்ள நல்லா கிண்டி விட்டுட்டேன். உங்க கடவுள் புண்ணியத்துல... என்ன? ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

— உங்க கையில இருக்கிறது.

— கரண்டி.

— பிடி என்ன நிறம்?

— ...நீலம்.

— பால் டிராயர் திறந்தே கிடக்கு.

— ஐயோ. ஹிண்டா. புகை வந்துச்சு, பதட்டத்துல கைக்குக் கிடைச்சதை எடுத்து... ஐயோ.

— உட்காருங்க. அழாதீங்க.

— அழல. வெங்காயம். இப்ப என்ன, கெட்டுப்போச்சா? நல்ல கரண்டி, கழுவின கரண்டி. ஒரு நிமிஷம் கிண்டினதுல என்ன ஆகிடும்? யாருக்குத் தெரியப் போகுது?

— எனக்குத் தெரியும்.

— பானை நிறைய கறி ஹிண்டா! முகாம் முழுக்கப் பசங்க!

— அவங்க சாப்பிட்டுடுவாங்க. அவன் அம்மா சமைச்சதுன்னு நம்பி வாயில வெப்பான். இந்த வீட்டுலேர்ந்து அவனுக்கு மிச்சம் இருக்கிறது அந்த நம்பிக்கை ஒண்ணுதான். அதையும் நான் ஏமாத்திப் பறிச்சுக்க மாட்டேன்.

— அப்ப புதுசா வெப்போம்.

— கறிக்கு எங்க போறது? நேரத்துக்கு எங்க போறது? இப்பக் கிளம்பினாத்தான் சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேரலாம்னு நீங்கதானே சொன்னீங்க.

— வேதம் தெரிஞ்ச ரபி யாருக்காவது ஃபோன் போட்டுக் கேளுங்க. இதுக்கெல்லாம் ஏதாவது வழி வெச்சிருப்பாங்களே உங்க ஆளுங்க!

— வழி இருக்கும்னுதான் எனக்கும் தோணுது. ஆனா நானா தீர்ப்பு சொல்லிக்கக் கூடாது. இந்தத் தெருவுல கரண்டி, பானைன்னா எல்லாரும் ஒருத்தர்கிட்டதான் வருவாங்க.

— யாரு?

— என் வீட்டுக்காரர்.

— தொலைஞ்சோம்.

— படியில இருமல் கேட்குதா? அவர்தான். சைரன் அடிச்சதும் பயந்து வந்திருக்கார்.

— ஹிண்டா! ஹிண்டா! ஒண்ணும் ஆகலையே உனக்கு? பாடசாலைக்குப் பின் தெருவுல ஏதோ விழுந்து கண்ணாடியெல்லாம் நொறுங்கிடுச்சு. ஃபோன் எடுக்க மாட்டியா? ...யாரு அது?

— கீழ்வீட்டு டோரிட்ங்க. எனக்கு ஒத்தாசைக்கு வந்தாங்க. நீங்க முதல்ல மூச்சு வாங்கிக்கங்க.

— வணக்கம் ரபி ஆன்ஷல். சுவரெல்லாம் சௌக்கியமா?

— ஹிண்டா, அந்த அம்மாவுக்குச் சொல்லு, சௌக்கியம்னு.

— காதுல விழுந்துடுச்சு.

— என்னங்க, ஒரு கேள்வி வந்திருக்கு. கறிப்பானையில பால் கரண்டி பட்டுடுச்சு.

— பொறு. பட்டுடுச்சுன்னா? விழுந்ததா, போட்டதா?

— போட்டதுதான். நான்தான் போட்டுக் கிண்டினேன்.

— ஹிண்டா, அந்த அம்மாகிட்ட கேளு. அடுப்பு எரியும்போதா? கரண்டி எதுவரைக்கும் உள்ள போச்சு?

— எரியும்போதுதான். பாதிப் பிடி வரைக்கும் போயிருக்கும்.

— பாதிப் பிடிங்கறாங்க.

— எனக்கும் காது இருக்கு ஹிண்டா. பொறு, பொறு. இந்தக் கரண்டி கடைசியா சூடான பால்ல எப்பப் போச்சு?

— இன்னிக்குக் காலையில, உங்க கஞ்சிக்கு.

— ம். அப்ப அதுல பால் ருசி இருக்கு. பானையைத் திற. அடேயப்பா, இவ்வளவு பெரிய பானை எங்க கிடைச்சுது உனக்கு?

— கல்யாண மண்டபத்துலேர்ந்து கேட்டு வாங்கினேன்.

— கரண்டி உள்ள போன அளவுக்கு அறுபது பங்கு பானையில இருக்கணும். இருக்கு, அதுக்கு மேலயே இருக்கு. அந்த ருசி கரைஞ்சு இல்லாமப் போயிடுச்சுன்னு கணக்கு. தாராளமா சாப்பிடலாம். கரண்டியை மட்டும் தனியா எடுத்து வை.

— அவ்வளவுதானா? இதுக்கா என் உயிர் போச்சு?

— அந்த அம்மாவுக்குச் சொல்லு, எங்க சட்டம் அவங்க நினைக்கிற அளவுக்குக் கல்லு இல்லைன்னு.

— அதை என்கிட்டயே சொல்லலாம் ரபி, நான் கடிக்க மாட்டேன்.

— துக்க வீட்டுக்காரங்க சாப்பிடட்டும். எந்த வீடு, ஹிண்டா?

— என்னங்க, இன்னும் ஒரே ஒரு கேள்வி. ரொம்பக் கண்டிப்பான ஒருத்தன் இருக்கான். துளி சந்தேகம்னாலும் தொட மாட்டான். அவன் சாப்பிடலாமா?

— சாப்பிடலாம்னா எல்லாரும்தான் சாப்பிடலாம். கண்டிப்பானவனுக்குன்னு தனிப் பானையா?

— போன குளிர்காலத்துலேர்ந்து ரொட்டியும் டப்பா மீனும்தான் சாப்பிடறான். வேற எதையும் நம்ப மாட்டேங்கறான்.

— அதுக்குப் பேர் கண்டிப்பு இல்ல, பிடிவாதம். யார்கிட்ட பாடம் படிச்சானாம்?

— உங்ககிட்ட.

— என்கிட்டயா? அந்த நாற்காலியை இந்தப் பக்கம் இழு ஹிண்டா.

— உட்காருங்க. தண்ணி தரட்டுமா?

— இந்தப் பானை எங்க போகுது?

— வடக்கே, முகாமுக்கு. டோரிட்டோட பையன் அங்க இருக்கான். துலியும் அங்கதான் இருக்கான். சாயங்காலம் உள்ள போறாங்க.

— துக்க வீடுன்னு என்கிட்ட சொன்ன.

— இது துக்க வீடு இல்லாம வேற என்ன? ஒருத்தரும் சாகாமலே ஏழு நாள் தரையில உட்கார்ந்தோம். எட்டாம் நாள் நீங்க எழுந்துட்டீங்க. நான் இன்னும் எழுந்திருக்கல.

— படிப்பு நின்னா நாம நின்னுடுவோம் ஹிண்டா. அதுவும் ஒரு காவல்தான். எங்கப்பா அதை நம்பினார், நான் நம்பறேன். அவன் ஒருத்தன் எழுந்து போனா பின்னாடியே பத்துப் பேர் எழுந்து போவாங்க. நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?

— ரபி, இந்தக் கச்சேரி வேண்டாம். நீங்க இதைச் சொல்லுவீங்க, நான் அதைச் சொல்லுவேன். நீங்க பால்கனியில கத்துவீங்க, நான் தெருவுல கத்துவேன். இன்னிக்கு எனக்குத் தொண்டையில சத்தமே இல்ல. வண்டி கீழ நிக்குது. எங்க ரெண்டு பேராலயும் இந்தப் பானையைத் தூக்க முடியாது. ஒரு பக்கம் பிடிச்சுக் குடுங்க. வேற ஒண்ணும் கேட்கல.

— ஹிண்டா, அந்த அம்மாகிட்ட சொல்லு. பிடிக்கிறேன். ஆனா அவன் சாப்பிட மாட்டான்.

— ஏன்? நீங்கதானே சாப்பிடலாம்னு தீர்ப்பு சொன்னீங்க!

— வாங்கின உடனே கேட்பான், சமைக்கும்போது ஏதாவது குழப்பம் நடந்துச்சான்னு. அந்த அம்மாவுக்கு மறைக்க வராது, முகத்துலயே தெரிஞ்சுடும். கரண்டி விஷயம் வெளிய வந்துடும். யார் தீர்ப்புன்னு கேட்பான். உங்கப்பான்னு சொன்னா நம்புவானா?

— ஏன் நம்ப மாட்டான்?

— செத்துப்போனான்னு உட்கார்ந்து அழுதவன், அவன் சாப்பாட்டுக்குத் தீர்ப்பு சொல்லுவானா? எங்கப்பா எனக்காக வாயே திறந்திருக்க மாட்டார்னு சொல்லிட்டு டப்பா மீனை எடுப்பான். எனக்கு அவனைத் தெரியாதா?

— ஒரு சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.

— கையெழுத்தை யார் வேணும்னாலும் போடலாம்னு நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன். தீர்ப்பைச் சொன்னவன் வாயாலயே கேட்கணும்னு.

— ஃபோனையும் வாங்கி வெச்சுட்டாங்க. நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க போங்க.

— பாடசாலையில ஜன்னலோரம் அவன் உட்கார்ற இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு ஹிண்டா. புதுப் பசங்க வர்றாங்க, இடம் பத்தலைங்கறாங்க. நான் யாரையும் அங்க உட்கார விடல. ஏன்னு ஒருத்தரும் கேட்கல. கேட்டிருந்தா எனக்கு என்ன சொல்றதுன்னு தெரிஞ்சிருக்காது.

— இதை நீங்க என்கிட்டகூடச் சொன்னதில்லையே.

— நீயும் கேட்கல.

— நேரமாகுது. மூடியைக் கட்டிட்டேன். வாங்க, ரபி, அந்தக் காதைப் பிடிங்க. துணியோட பிடிங்க, சுடும். படியில மெதுவா. ஹிண்டா, தள்ளி நில்லுங்க.

— இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். திருப்பம் வருது. சுவத்துல இடிக்காதீங்க.

— சுவரை அவர் பார்த்துக்குவார், உங்களுக்கென்ன. ...அப்பாடா. வண்டிக்குள்ள ஏத்தியாச்சு. கறியில பாதி எடை, பானையே பாதி எடை. சரி ஹிண்டா, நான் கிளம்பறேன். துலியைப் பார்த்து ஏதாவது சொல்லட்டுமா?

— அவன் வாங்கிக்கலைன்னா வற்புறுத்தாதீங்க. உங்க கையால ரொட்டியாவது குடுங்க. முகத்தைப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. அது போதும்.

— நீங்க ரபி? வண்டிக்குள்ளயே எட்டிப் பார்த்துக்கிட்டு நிக்கறீங்க? சரி, கேட்டது தப்புதான். கொஞ்சம் நகருங்க, கதவைச் சாத்தணும்.

— சாத்தாதீங்க. டோரிட் அம்மா, பின் சீட்டுல இந்தப் பானைக்குப் பக்கத்துல ரெண்டு பேர் உட்கார இடம் இருக்குமா?